காயலான் கடையில் கோபால்ட்

2010 ஏப்ரல். டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் சிலருக்கு வாந்தி, தோல் கருகல், முடி உதிர்தல். டெல்லி பல்கலைக்கழகம் ஏலத்தில் விட்ட பழைய ஆய்வுக் கருவியை உடைத்ததில் உள்ளிருந்த கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் வெளியே வந்திருந்தது. பளபளத்த ஒரு துண்டை ஒரு வியாபாரி பர்ஸிலேயே வைத்துக்கொண்டார். ஒரு தொழிலாளி உயிரிழந்தார்.

கதிர்வீச்சைக் கண்ணும் மூக்கும் காட்டிக்கொடுக்காது.

பழைய பொருட்களில் மஞ்சள் பின்னணியில் கதிர்வீச்சைக் குறிக்கும் மூன்று இதழ்ச் சின்னமோ, அளவுக்கு மீறிக் கனக்கும் ஈய உறையோ தென்பட்டால் தொடக்கூடாது, அறுக்கவே கூடாது. விலகி நின்று, மற்றவர்களையும் தடுத்து, 112-ஐ அழைக்க வேண்டும். ஏற்கெனவே கைபட்டிருந்தால் மேலாடையைக் கழற்றிப் பையில் கட்டித் தனியே வைத்து, சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். எதைத் தொட்டீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மாயாபுரியில் நோயின் காரணம் புரியவே நாட்கள் பிடித்தன.