குக்கர் ஏன் விசில் அடிக்கிறது?

குழந்தைகளே! "மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைச்சிடு" என்று அம்மா உங்களிடம் சொல்லியிருப்பார். அந்த விசில் எதற்காக என்று யோசித்தது உண்டா?

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியசில் கொதிக்கும். அதன்பின் தீயை எவ்வளவு கூட்டினாலும் தண்ணீரின் சூடு ஏறாது. அது வேகமாக ஆவியாகும், அவ்வளவுதான். காரணம், காற்றழுத்தம். தண்ணீரைக் காற்று அழுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த அழுத்தத்தை மீறும்போதுதான் தண்ணீர் கொதிக்கும். ஊட்டி போன்ற உயரமான ஊரில் காற்றழுத்தம் குறைவு. அங்கே சுமார் 93 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக அதிக நேரம் பிடிக்கும்.

குக்கரில் நடப்பது இதற்கு நேர்மாறு. மூடியில் உள்ள கேஸ்கட் என்ற ரப்பர் வளையம் நீராவியை வெளியே விடாது. உள்ளே அழுத்தம் கூடக்கூட, தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையும் கூடும். அது சுமார் 120 டிகிரி வரை போகும். அதனால்தான் பருப்பு சீக்கிரம் வேகிறது.

அழுத்தம் அளவு மீறினால் ஆபத்து அல்லவா? அதற்குத்தான் மூடியின் மேல் வெயிட் வைக்கிறோம். அழுத்தம் குறிப்பிட்ட அளவை எட்டியதும், நீராவி வெயிட்டைத் தூக்கிக்கொண்டு வெளியேறும். அந்தச் சத்தமே விசில்! அழுத்தம் குறைந்ததும் வெயிட் மறுபடி உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு பருப்புத் தோல் அந்தத் துளையை அடைத்துவிட்டால்? அப்போது காப்பாற்றுவது, மூடியிலேயே உள்ள பாதுகாப்பு வால்வு. சூடு அளவு மீறினால், அதிலுள்ள உலோகக் கலவை உருகி வழிவிடும், நீராவி வெளியேறிவிடும்.

இந்த யோசனை புதியதல்ல. பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த டெனிஸ் பாப்பின், 1679ம் ஆண்டு லண்டனில் இப்படிப்பட்ட பாத்திரத்தை உருவாக்கினார். கெட்டியான எலும்பும் அதில் மெத்தென்று வெந்தது. பாதுகாப்பு வால்வைச் சேர்த்ததும் அவரே!

இவற்றை மறக்காதீர்கள்:

* அடுப்பை அணைத்ததும் மூடியைத் திறக்கக் கூடாது. உள்ளே 100 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீர் இருக்கிறது. அழுத்தம் சட்டென்று குறைந்தால், அது பொங்கிச் சீறி முகத்தில் அடிக்கும். தானாக ஆறும்வரை பொறுங்கள்.

* சமையலுக்கு முன், மூடியை வெளிச்சத்தில் பிடித்து, வெயிட் வைக்கும் குழாயின் துளை வழியே பாருங்கள். வெளிச்சம் தெரிந்தால் அடைப்பு இல்லை.

* பருப்பு வேகும்போது நுரைத்துப் பொங்கும். எனவே குக்கரில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

விசில் சத்தத்தைக் கேட்டுப் பயப்படாதீர்கள். 'அழுத்தம் சரியாக வெளியேறுகிறது' என்று குக்கர் சொல்லும் நல்ல சேதி அது. வெகுநேரமாகியும் விசிலே வரவில்லையா? அதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். குக்கரைத் தொடாமல், உடனே பெரியவர்களைக் கூப்பிட்டு அடுப்பை அணைக்கச் சொல்லுங்கள்!