எல்லை தாண்டாத சான்றிதழ்

தண்டவாளத்துக்கு மாநில எல்லை தெரியாது. போத்தனூரில் புறப்பட்டு வாளையாறு தாண்டிப் பாலக்காடு போகும் வரை அதே அகலப் பாதை, அதே ஜல்லி, அதே சிக்னல். அந்தப் பாதையில் பல வருடம் வேலை பார்த்து, செக்ஷன் இன்ஜினீயராக ஓய்வு பெற்றவன் நான். டிப்ளமோ படித்தவனே தவிர, சட்டம் படித்தவன் அல்லன். ஆனால் எல்லையில் நின்றுவிடும் ஒரு காகிதத்தைப் பற்றி ஓய்வுக்குப் பிறகு நிறையத் தெரிந்துகொள்ள நேர்ந்தது. ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம் சங்க அன்பர்களுக்கும் அது பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

என்னிடம் கீமேனாக இருந்தவர் ஒருநாள் தேடி வந்தார். அவருடைய அக்காவை தேவிகுளம் தாலுகாவில், குண்டளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. அக்காவின் பேத்தி பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கி நர்சிங் படிக்க ஆசைப்பட்டாள். அவர்கள் பட்டியல் வகுப்பைச் சேர்ந்தவர்கள். சாதிச் சான்றிதழ் கேட்டுப் போன இடத்தில், “1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே உங்கள் குடும்பம் கேரளத்தில் இருந்ததற்கு ஆதாரம் கொண்டு வாருங்கள்” என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

“சார், அந்தப் பிள்ளையோட அப்பனே பிறந்தது 1975-ல. 1950-க்கு நான் எங்கே போக?” என்றார் கீமேன்.

இருவருமாகப் போடி வழியே மலை ஏறினோம். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒரு காலத்தில் சின்ன ரயில் ஓடியது; 1924-ஆம் ஆண்டு வெள்ளத்தில் அது அழிந்தது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போகும். தேயிலை இறங்கிய திசையிலிருந்துதான் ஆட்கள் ஏறினார்கள். கங்காணிமார் பின்னால் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து வந்த ஏழை ஜனங்களின் பேரப்பிள்ளைகளே இன்றும் அந்த லயங்களில் இருக்கிறார்கள்.

லயத்து வாசலில் அந்தப் பாட்டி என்னிடம் சொன்னார்: “ஐயா, இந்த மலையில கொழுந்து கிள்ளியே என் விரலெல்லாம் கறுத்துப்போச்சு. இன்னமும் நீ எந்த ஊருன்னு கேக்குறாங்க.”

ஏன் அந்த ஒரு தேதி?

அரசியல் சட்டத்தின் 341-ஆவது பிரிவின்படி, எந்தெந்த சாதிகள் பட்டியல் வகுப்புகள் என்பதை மாநில வாரியாக ஜனாதிபதி அறிவிக்கிறார். முதல் ஆணை வெளிவந்த நாள் 1950 ஆகஸ்ட் 10. அன்று ஒரு குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாகக் குடியிருந்ததோ, அந்த மாநிலத்துப் பட்டியலில்தான் அதற்கு இடம். பள்ளர், பறையர், சக்கிலியர் ஆகிய பெயர்கள் தமிழ்நாடு, கேரளம் இரண்டின் பட்டியலிலும் இருக்கின்றன. இருந்தாலும், பிறகு குடிபெயர்ந்தவர்களுக்குப் பெயர் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1950-ல் பாலக்காடு, மலபார் ஜில்லாவின் பகுதியாகச் சென்னை மாநிலத்தில் இருந்தது. பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்குப் போனவன் அன்று மாநிலம் விட்டுப் போகவில்லை. ஆனால் போடியிலிருந்து தேவிகுளத்துக்கு ஏறியவன் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துக்குள் போய்விட்டான். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் நம் பக்கம் வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. கோடு போட்டவர்கள் எங்கோ இருந்தார்கள். ஆதாரம் தேட வேண்டியவள் பதினேழு வயதுப் பெண்.

இது ஏழை வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. தேவிகுளம் தனித்தொகுதியில் 2021-ல் வென்ற சட்டமன்ற உறுப்பினர் ஆ. ராஜாவின் தேர்தல் வழக்கிலும் மதம் பற்றிய கேள்வியுடன், குடும்பம் 1950-க்கு முன் குடியேறியதா என்ற கேள்வியும் எழுந்தது. 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் அவரது தேர்தலை ரத்து செய்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, அவரது தேர்தல் செல்லும் என்றது.

ஆணையம் செய்தது

நாங்கள் இரண்டு நாள் தேடினோம். கடைசியில் பாட்டியின் கணவருக்கு மூத்த அண்ணன் 1949-ல் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்த பதிவு கிடைத்தது. தகப்பன் பெயரும் தோட்டத்தின் பெயரும் அதில் இருந்தன. இருந்தும் அலுவலகத்தில் விண்ணப்பம் அசையவில்லை. அப்போதுதான் தேசியப் பட்டியல் வகுப்பினர் ஆணையத்துக்கு எழுதினோம்.

இந்த ஆணையத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் 338-ஆவது பிரிவின்படி ஒரே ஒரு தனி அதிகாரிதான் இருந்தார். 1990-ஆம் ஆண்டு 65-ஆவது திருத்தத்தால் பல உறுப்பினர் கொண்ட ஆணையம் வந்தது. 2003-ஆம் ஆண்டு 89-ஆவது திருத்தம், பழங்குடியினருக்கு 338-ஏ பிரிவில் தனி ஆணையம் தந்தது. 2018-ல் பிற்படுத்தப்பட்டோர் ஆணையமும் 338-பி பிரிவில் அரசியல் சட்டத் தகுதி பெற்றது.

புகாரை விசாரிக்கும்போது இவற்றுக்கு சிவில் கோர்ட்டின் அதிகாரம் உண்டு. ஆளைக் கூப்பிடலாம், ஆவணத்தைக் கேட்கலாம். ஆண்டறிக்கையை ஜனாதிபதி பாராளுமன்றத்தில் வைக்க வேண்டும். ஏற்காத பரிந்துரைக்குக் காரணமும் சொல்ல வேண்டும். மனு எழுத வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை. கோர்ட்டில் நிலுவையில் உள்ள விஷயமாக மட்டும் இருக்கக் கூடாது.

இரண்டு பக்க மனுவும் நகல்களும் திருவனந்தபுரத்தில் உள்ள ஆணையத்தின் அலுவலகத்துக்குப் போயின. அங்கிருந்து மாவட்ட நிர்வாகத்திடம் அறிக்கை கேட்டுக் கடிதம் சென்றது. அதன் பிறகே மறு விசாரணை நடந்து, எட்டு மாதத்தில் சான்றிதழ் வந்தது. பெண்ணுக்கு ஒரு வருடம் வீணாயிற்று; அடுத்த வருடம் நர்சிங் சேர்ந்தாள்.

ஆணையத்தால் முடியாதது

இத்துடன் முடித்தால் கதை இனிப்பாக இருக்கும். ஆனால் அதே லயத்தில் இரண்டு வாசல் தள்ளி இன்னொரு பெண் இருந்தாள். அதே சாதி, அதே தோட்டம், அதே பள்ளிக்கூடம். அவளுடைய கொள்ளுத்தாத்தா மலை ஏறியது 1953-ல். அவளுக்காகவும் எழுதினோம், ஒன்றும் நடக்கவில்லை. ஆணையம் விசாரிக்கலாம், பரிந்துரைக்கலாம். பட்டியலை மாற்றும் அதிகாரம் பாராளுமன்றத்துக்கே உண்டு. கோர்ட்டைப் போலத் தடை உத்தரவு போடவும் ஆணையத்தால் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது.

மாநிலம் மாறினால் சலுகை கூட வராது என்பதும் 1990-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்த்த விஷயம். ஆந்திராவிலிருந்து பம்பாய்க்கு வந்த குடும்பத்து மாணவர் ஒருவர் மருத்துவப் படிப்புக்காகத் தொடுத்த வழக்கு அது. 2018-லும் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. ஒரு மாநிலத்தில் ஒரு சாதி படும் கஷ்டம் வேறு மாநிலத்தில் அப்படியே இருக்காது என்பது காரணம். பொதுவாக அது நியாயமாக இருக்கலாம். ஆனால் மூன்று தலைமுறை அதே மலையில் கொழுந்து கிள்ளிய குடும்பத்துக்கு அது எப்படிப் பொருந்தும் என்பது என் சிற்றறிவுக்கு எட்டவில்லை.

மத்திய அரசு வேலைக்குப் பூர்வீக மாநிலத்துச் சான்று செல்லும். ரயில்வேயில் அப்படிச் சேர்ந்தவர்கள் பலருடன் நான் வேலை செய்திருக்கிறேன். ஆகவே அந்தப் பெண்ணை ரயில்வே தேர்வுக்குப் படிக்கச் சொன்னேன். அவள் கேட்டது நர்சிங். என்னால் காட்ட முடிந்தது இந்த வழி ஒன்றைத்தான்.

நாம் செய்ய வேண்டியது

வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்கள் மூன்று காரியங்களை மறக்கக் கூடாது. முதலாவது, தாத்தா காலத்துக் காகிதம் எதையும் எடைக்குப் போடாதீர்கள். பள்ளிச் சான்று, பிறப்புப் பதிவு, வேலைச் சீட்டு எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் இருக்கட்டும். இரண்டாவது, தகப்பனாரின் சாதிச் சான்றிதழைப் பூர்வீக மாநிலத்திலேயே வாங்கி வையுங்கள். 1984-ஆம் ஆண்டு மத்திய அரசு உத்தரவுப்படி, அதைக் காட்டினால் பிள்ளைக்குக் குடியேறிய மாநிலத்திலேயே பூர்வீகத்தைக் குறிப்பிட்ட சான்று பெறலாம். மூன்றாவது, மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். அதை வைத்து ஆணையத்துக்கு எழுதுங்கள்.

மொழி பற்றிய குறைக்கும் வழி உண்டு. 350-பி பிரிவின்படி மொழிச் சிறுபான்மையினருக்கு ஓர் ஆணையர் பதவி 1957 முதல் இருக்கிறது. ஒரு பள்ளியில் 40 பிள்ளைகளோ ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளோ இருந்தால், தொடக்கப் பள்ளியில் தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்பது 1956 முதல் ஏற்கப்பட்ட பாதுகாப்பு. நம் சங்கம் இதைப் பற்றியும் யோசிக்கலாம்.

வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனு எழுதத் தெரிந்தவர்கள் சங்க மண்டபத்தில் உட்கார்ந்தால் போதும். நான் வரத் தயார். அந்த இரண்டாவது பெண்ணைப் போல ஒரு பிள்ளை நம்மிடையே இருந்தால், கடைசித் தேதிக்கு முந்தின நாள் அல்ல, இன்றே வரட்டும்.