வீர வசந்தராயர் மண்டபத்துத் தீயும் ஆலயக் காப்பும்

2018ஆம் ஆண்டு பிப்ரவரி 2, வெள்ளிக்கிழமை இரவு. மதுரை அருள்மிகு மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கோயிலில் ஆயிரங்கால் மண்டபத்தை அடுத்திருந்த கடைகளில் தீப்பற்றியது. முப்பதுக்கும் மேற்பட்ட கடைகள் எரிந்தன. வீர வசந்தராயர் மண்டபத்தின் மேற்கூரையில் ஒரு பகுதி சரிந்து வீழ்ந்தது. கடையடைத்த பின்னர் நேர்ந்தமையால் மனித உயிர்ச்சேதம் இல்லை. அம்பிகையின் கருணை என்றனர் அடியார்கள். மண்டபத்தில் அடைந்திருந்த புறாக்கள் மாண்டன.

கற்கோயிலைத் தீ என்ன செய்யும் என்று நம்மில் பலர் எண்ணுவதுண்டு. கருங்கல் எரியாது என்பது மெய்யே. ஆனால் அதனுள் கலந்திருக்கும் குவார்ட்சு மணிகள் 573 பாகை செல்சியசை எட்டும்போது சட்டென விரிகின்றன. உடனிருக்கும் பிற தாதுக்கள் அவ்வாறு விரிவதில்லை. அதனால் கல் உள்ளுக்குள் விரிசல் விடுகிறது. காய்ந்த கல்லின்மீது தண்ணீர் பாய்ந்தால் மேற்பரப்பு செதில் செதிலாக உதிரும். தூண் நின்றிருப்பதுபோல் தோன்றினாலும் சுமக்கும் வலிமை குன்றிவிடும். ஓர் இரவில் சிதைந்ததைச் சீர்ப்படுத்த நாமக்கல் மாவட்டத்து ராசிபுரம் பகுதியில் கல் தேட வேண்டியதாயிற்று. பணி ஆண்டுக்கணக்கில் நீண்டது. உயர்நீதிமன்றக் கிளை தலையிட்டபின் கோயிலுக்குள் இருந்த கடைகள் அகன்றன. அது முன்னரே நடந்திருக்க வேண்டியது.

கல்லைவிடப் பந்தலே பெரும் அச்சம். தஞ்சைப் பெரிய கோயிலில் 1997 ஜூன் 7 அன்று குடமுழுக்கு யாகசாலைப் பந்தல் தீப்பற்றி, 40-க்கும் மேற்பட்டோர் உயிர்நீத்தனர். 2004 ஜனவரியில் திருவரங்கத்துத் திருமண மண்டபமொன்றில் கீற்றுப் பந்தலில் பற்றிய தீ, மணமகன் உள்ளிட்ட 50-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று.

தீத்தடுப்புத் திட்டம் என்றால் பொறியாளர் வரையும் பெரிய படம் என்று அஞ்ச வேண்டுவதில்லை. எத்தனை பேர் கூடுவர், எவ்வழியே வெளியேறுவர், மின்சாரத்தின் முதன்மை விசையை அணைப்பவர் யார், தண்ணீர் எங்கே, தீயணைப்பு வண்டி எந்தத் தெரு வழியாக உள்ளே வரும் என்று எழுதி, உரியவரிடம் சொல்லி, ஒருமுறை நடந்தும் பார்த்துவிடுவதே திட்டம். எழுதிப் பெட்டியில் வைத்துப் பூட்டிய தாள் எவரையும் காவாது.

மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களில் இதன் தேவை மிகுதி. கண்மாய் வற்றும் பங்குனியிலும் சித்திரையிலும்தான் அம்மன் திருவிழாக்கள் வருகின்றன. தீச்சட்டி ஒருபுறம், வேட்டு ஒருபுறம், காய்ந்த கீற்றின்மேல் தொங்கும் சீரியல் விளக்கு ஒருபுறம். தீயணைப்பு நிலையமோ தொலைவில். விழாக்குழுவினர் பந்தல்காரருக்கு முன்பணம் கொடுக்கும் அன்றே, தகரக் கூரை போட இயலுமா என்று கேட்கலாம். பந்தலுக்கு இரண்டு வாயில்களேனும் வேண்டும். ஒன்றை ஒலிபெருக்கிப் பெட்டிகளால் அடைத்துவிடுவது நம் ஊர் வழக்கம்! நீர் நிறைந்த பீப்பாய்களும் மணல் வாளிகளும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

மூத்த அன்பர்களே, நெய்விளக்கு ஏற்றும்போது முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள். செயற்கை இழைத் துணி உருகி உடலில் ஒட்டும், பருத்தியே நன்று. மண்டபத்தில் அமருமுன் அருகிலுள்ள வாயிலைப் பார்த்துவையுங்கள். உங்கள் ஊர்க் கோயிலின் விழாக்குழு கூடும்போது ஒன்றைக் கேளுங்கள்: விரைந்து நடக்க இயலாத முதியோரைக் கைபிடித்து அழைத்துச் செல்பவர் யார், எந்த வாயில் வழியே? அப்பெயர்கள் எழுத்தில் இருக்க வேண்டும். தீயணைப்புத் துறையின் எண் 101.