சிறுகாரும் மாதச் சம்பளமும்

மோட்டார் கார் ஒன்று வாங்க விரும்பும் குடும்பத்தின் முன் இரண்டு விலைகள் நிற்கின்றன. ஒன்று, விற்பனையாளர் தாளில் எழுதிக் கொடுக்கும் விலை. மற்றொன்று, அவ்வண்டி வீட்டு வாசலுக்கு வந்த நாள் தொடக்கம் அதன் கடன் தீரும் நாள் வரையில் குடும்பத்தின் வருவாயிலிருந்து மாதந்தோறும் கழிந்து செல்லும் விலை. முன்னதைப் பலரும் மனப்பாடமாகச் சொல்வர். பின்னதைக் கணக்கிட்டுப் பார்ப்போர் சிலரே. ஆயினும், மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்தின் நிம்மதி இந்த இரண்டாவது விலையிலேயே தங்கியிருக்கிறது.

இலங்கையில் 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான கார்களை மீண்டும் இறக்குமதி செய்ய 2025 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலேயே இடமளிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் நாட்டிலுள்ள பழைய வண்டிகளே கைமாறிக்கொண்டிருந்தன. காத்திருந்த குடும்பங்கள் இப்பொழுது புதிய வண்டியைப் பற்றி நினைக்கின்றன. நெடுநாள் காத்திருந்தவனுக்கு அவசரம் மிகுதி. அந்த அவசரத்தில் செய்யும் ஒப்பந்தம் ஐந்தோ ஏழோ ஆண்டுகளுக்குக் குடும்பத்தைக் கட்டிவைக்கும் என்பதனால், கையெழுத்திடுமுன் சில கணக்குகளைப் பார்த்துக்கொள்ளுதல் நன்று.

முதலில், சிறிய வண்டி ஏன் சிக்கனமானது என்பதை நோக்குவோம். பாரம் குறைந்த வண்டியை இழுப்பதற்குச் சிறிய இயந்திரம் போதும். சிறிய இயந்திரத்திற்குக் குறைந்த எரிபொருள் போதும். 1956 இல் சூயெஸ் கால்வாய் நெருக்கடி மூண்டபோது பிரித்தானியாவில் பெற்றோல் பங்கீடு செய்யப்பட்டது. அந்த நெருக்கடியின் விளைவாகவே, அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்த மினி கார் 1959 இல் வெளிவந்தது. அதன் நீளம் ஏறத்தாழ 10 அடி. இயந்திரத்தின் கொள்ளளவு 848 கன சென்ரிமீற்றர். இயந்திரத்தைக் குறுக்காகப் பொருத்தி இடத்தை மிச்சப்படுத்தியதனால், அச்சிறு வண்டியில் நால்வர் அமர முடிந்தது. ஜப்பானியரோ இதனைச் சட்டமாகவே வகுத்தனர். அந்நாட்டில் கெய் என வழங்கும் சிறுகார்களின் இயந்திரம் 660 கன சென்ரிமீற்றருக்கு மேற்படலாகாது என்னும் வரம்பு 1990 தொடக்கம் நிலவுகிறது. இலங்கையில் பெற்றோல் கார்களின் உற்பத்தி வரி இயந்திரத்தின் கொள்ளளவைப் பொறுத்து ஏறுவதனால், சிறிய இயந்திரம் வாங்கும் விலையிலும் உதவுகிறது.

எரிபொருளின் மிச்சத்தை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். கணவனும் மனைவியும் ஆசிரியர்களாயுள்ள ஒரு குடும்பம் மாதம் 900 கிலோமீற்றர் ஓடுகிறதென்று வைத்துக்கொள்வோம். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு 75 லீற்றர் வேண்டும். 20 கிலோமீற்றர் ஓடும் வண்டிக்கு 45 லீற்றர் போதும். லீற்றர் 300 ரூபா எனக் கொண்டால் மாதம் 9,000 ரூபா மிச்சமாகும். ஆனால் எரிபொருளின் விலை வாங்குபவர் கையில் இல்லை. 2021 டிசெம்பரில் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் 2022 ஜூன் இறுதியில் 470 ரூபாவாயிற்று. அதன்பின் 2023 செப்டெம்பர் வரையில் பெற்றோல் பங்கீட்டு முறையிலேயே வழங்கப்பட்டது. குறைந்த பெற்றோலில் ஓடும் வண்டி வைத்திருந்தோர் அக்காலத்தில் ஓரளவாவது சமாளித்தனர். ஆகவே, விலை ஏறினாலும் தாங்கக்கூடிய வண்டி எது என்று கேட்பதே பொருத்தமானது.

வண்டியைத் தெரிவு செய்யும்பொழுது, ஆண்டில் இருமுறை நேரும் நீண்ட பயணத்தை மனத்திற்கொண்டு பெரிய வண்டியை வாங்குவோர் பலர். தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் எழுவர் போகவேண்டும் என்பதற்காக, மீதி நாட்களில் இருவர் மட்டும் அமரும் வண்டியைப் பெரிதாக வாங்குவது சிக்கனமாகாது. அந்த இரண்டு நாட்களுக்கு வாடகை வண்டி அமர்த்திக்கொள்ளலாம். அன்றாடம் யார் யார் ஏறுவர், எந்தத் தெருவில் ஓடும், முதியோர் இலகுவாக ஏறி இறங்க முடியுமா, மழைக்காலத்தில் வெள்ளம் நிற்கும் ஒழுங்கையில் வண்டியின் அடிப்பாகம் தட்டாதா என்பனவே பார்க்கவேண்டியவை. மோதலின்போது பாதுகாக்கும் காற்றுப்பைகளும், சில்லுகள் இறுகாமற் காக்கும் தடுப்புக் கருவியும் உள்ளனவா என்பதையும் கேட்டறிதல் வேண்டும். சிக்கனம் என்பது உயிருக்குரிய காவலைக் குறைப்பதாக இருத்தலாகாது.

இவற்றோடு, உதிரிப் பாகங்களும் பழுது பார்ப்போரும் அண்மையில் கிடைப்பரா என்பதும் முக்கியமானது. இதனை யாழ்ப்பாணத்தவருக்கு விளக்கவேண்டிய தேவையில்லை. மினியை வடிவமைத்த இசிகோனிஸ் அதற்கு முன் வடிவமைத்து 1948 இல் வெளிவந்தது மொறிஸ் மைனர். அவ்வண்டியும், அதன் காலத்தை ஒட்டிய ஒஸ்ரின் வண்டிகளும் யாழ்ப்பாணத் தெருக்களில் பல பத்தாண்டுகள் ஓடின. 1990 களில் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில், சில துளி பெற்றோலால் இயந்திரத்தை இயக்கிவைத்து, பின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். அவ்வண்டிகள் அவ்வளவு காலம் உழைத்ததற்குக் காரணம் அவற்றின் எளிய அமைப்பும், ஊரிலேயே அவற்றை அறிந்த கைவினைஞர் இருந்தமையுமாகும். இன்றைய வண்டிகளில் மின்னணுக் கருவிகள் மிகுதியாதலால் அத்தகைய கைவைத்தியம் செல்லாது. கலப்பு மின் வண்டியோ முழு மின் வண்டியோ வாங்க நினைப்பவர், அதன் மின்கலத்திற்கு உற்பத்தியாளர் தரும் உத்தரவாதம் எத்தனை ஆண்டு, அதனைப் பரிசோதிக்கும் நிலையம் தம் மாவட்டத்தில் உண்டா என்பவற்றை முன்கூட்டியே கேட்கவேண்டும். வவுனியாவிலுள்ளவர் ஒவ்வொரு பழுதுக்கும் கொழும்புக்குச் செல்ல நேர்ந்தால், லீற்றரில் மிச்சம் பிடித்த பணம் அப்பயணத்திலேயே போய்விடும்.

இனி, பணம் தேடும் வழிக்கு வருவோம். வண்டி வாங்குவதில் பழமையான இரண்டு வழிகள் உண்டு. ஒன்று சேர்த்துவிட்டு வாங்குதல்; மற்றது வாங்கிவிட்டுச் செலுத்துதல். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் 1919 இல் தவணைக் கடன் வழங்கவென்றே ஒரு துணை நிறுவனத்தைத் தொடங்கியது. கடனில் விருப்பமில்லாத ஹென்றி ஃபோர்ட் 1923 இல் வேறொரு திட்டத்தைக் கொணர்ந்தார். அதன்படி வாரம் 5 டொலர் வீதம் செலுத்தி, முழுப்பணமும் சேர்ந்தபின்பே வண்டியைப் பெறலாம். மக்கள் காத்திருக்க விரும்பவில்லை. வண்டியை முதலிற் கொடுத்த முறையே வென்றது. ஃபோர்ட் நிறுவனமும் 1928 இல் கடன் வழங்கும் அமைப்பொன்றை நிறுவிற்று. உலகெங்கும் இன்று வழங்குவது அந்த முறையே. காத்திராமைக்குக் கொடுக்கும் கூலியே வட்டி எனலாம்.

இலங்கையில் பெரும்பாலான கார்கள் நிதிக் குத்தகை முறையில், அதாவது லீசிங் முறையில் வாங்கப்படுகின்றன. 2000 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டம் இதனை ஒழுங்குபடுத்துகிறது. வண்டியின் விலையில் எத்தனை வீதம் வரையில் கடன் கொடுக்கலாம் என்னும் உச்ச வரம்பை மத்திய வங்கி காலத்துக்குக் காலம் நிர்ணயிக்கிறது, எஞ்சியது முற்பணமாகும். இம்முறையில், கடன் தீரும்வரை வண்டியின் முழு உரிமையாளராகப் பதிவுச் சான்றிதழில் நிதி நிறுவனத்தின் பெயரே இருக்கும். தவணைகள் தவறினால் ஒப்பந்தத்தின்படி வண்டியை மீளக் கைப்பற்றும் உரிமையும் அதற்குண்டு. ஆகையால், நிறுவனம் மத்திய வங்கியின் அனுமதி பெற்றதுதானா என்று பார்ப்பது முதற் கடமை. ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, தமக்கு விளங்கும் மொழியில் வாசித்தறிந்தபின் கையெழுத்திடுவது இரண்டாவது கடமை.

வட்டியைப் பற்றிய ஒரு நுட்பத்தை இங்கு விளக்கவேண்டும். நூற்றுக்கு 12 என்று சொல்லப்படும் வட்டி இரண்டு விதமாக அறவிடப்படலாம். குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி என்பது ஒரு முறை. இதன்படி 10 இலட்சம் ரூபா கடனை ஐந்து ஆண்டுகளில் தீர்ப்பவர் மாதம் 22,244 ரூபா செலுத்துவார். மொத்த வட்டி ஏறத்தாழ 3,35,000 ரூபாவாகும். முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் ஐந்து ஆண்டும் வட்டி போடுவது மற்றொரு முறை. இதில் வட்டி 6 இலட்சம். மாதத் தவணை 26,667 ரூபா. செலுத்திய முதலுக்கும் சேர்த்தே இங்கு வட்டி வாங்கப்படுவதனால், இதன் உண்மையான வட்டி குறைந்து செல்லும் மீதிக் கணக்கில் நூற்றுக்கு 20 ஐயும் சற்றுக் கடந்துவிடுகிறது. இரண்டிற்கும் பெயர் 12 வீதமே. எனவே, வட்டி வீதத்தைக் கேட்பதோடு நில்லாமல், மாதத் தவணை எவ்வளவு, தவணைகள் எத்தனை, எல்லாவற்றையும் கூட்டினால் வரும் தொகை என்ன என்னும் மூன்றையும் எழுத்தில் வாங்குதல் வேண்டும். பெருக்கத் தெரிந்த பிள்ளை வீட்டிலிருந்தால் உண்மை வெளிப்பட்டுவிடும்.

காலத்தை நீட்டித் தவணையைக் குறைப்பதும் கவனிக்கத்தக்கது. அதே 10 இலட்சத்தை அதே 12 வீதத்தில், குறைந்து செல்லும் மீதி முறையில், மூன்றாண்டில் தீர்த்தால் மாதம் 33,214 ரூபா. மொத்த வட்டி ஏறத்தாழ 1,96,000. ஏழாண்டாக நீட்டினால் மாதம் 17,653 ரூபா. வட்டியோ 4,83,000 அளவில் ஏறிவிடும். ஐந்தாண்டோடு ஒப்பிட்டால், மாதம் 4,600 ரூபா அளவில் தவணை குறைவதற்காக ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் ரூபா கூடுதலாகக் கொடுக்க நேர்கிறது. மேலும், ஐந்தாண்டுக் கடனில் பாதிக் காலம் கழிந்த பின்னரும் 5,74,000 ரூபா வரையில் முதல் எஞ்சியிருக்கும். பிந்திய தவணைகளைவிட ஆரம்பத் தவணைகளில் வட்டியின் பங்கு கூடுதல் என்பது இதன் காரணம். இடையில் இடமாற்றமோ நோயோ வந்து வண்டியை விற்க நேரின், விற்ற பணம் கடனுக்குப் போதுமா என்னும் கேள்வி எழும். முற்பணம் கூடுதலாகச் செலுத்தியவருக்கே அப்பொழுது மனத்தைரியம் இருக்கும். கடனை முன்கூட்டித் தீர்த்தால் எவ்வளவு கட்டணம், தவணை பிந்தினால் என்ன தண்டம் என்பவற்றையும் முதல்நாளே கேட்டுவைத்தல் நன்று.

தவணையோடு செலவு முடிவதில்லை. யானை வாங்குபவன் அங்குசத்தையும் வாங்கவேண்டும். மூன்றாம் ஆளுக்குரிய காப்புறுதி சட்டத்தால் விதிக்கப்பட்டது. குத்தகை வண்டிக்கு முழுமையான காப்புறுதியையே நிதி நிறுவனங்கள் கேட்கும். வருமான அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படல் வேண்டும். எண்ணெய் மாற்றுதல், டயர், மின்கலம் என்பன தத்தம் காலத்தில் வந்தே தீரும். இவற்றின் ஆண்டுச் செலவை மதிப்பிட்டுப் பன்னிரண்டாற் பிரித்து, தவணையோடும் பெற்றோலோடும் கூட்டினால்தான் வண்டியின் உண்மையான மாத விலை தெரியும்.

அந்த விலையைக் குடும்பம் தாங்குமா என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. வண்டி வாங்குவதற்கு முன் ஆறு மாதம், வண்டி வந்துவிட்டதாகவே எண்ணி, அந்த மாத விலையில் இப்போதைய பஸ் செலவைக் கழித்துவிட்டு எஞ்சியதைச் சம்பள நாளிலேயே வங்கிச் சேமிப்பில் இடவேண்டும். 30 இலட்சம் ரூபா கடனை மேற்சொன்ன 12 வீதத்தில் ஐந்தாண்டுக்கு எடுக்க நினைப்பவருக்குத் தவணை மட்டும் 66,700 ரூபா அளவில் வரும். ஆறு மாதத்தில் அத்தவணைப் பணமே 4 இலட்சத்தைத் தொட்டுவிடும். இடையில் பிள்ளையின் பாடசாலைச் செலவும், தாயின் மருந்தும், உறவினர் வீட்டுக் கலியாணமும் வரத்தான் செய்யும். அவற்றையெல்லாம் கடந்து சேமிப்பில் கைவைக்காமல் இருக்க முடிந்ததாயின், வண்டியை வாங்கலாம்; சேர்ந்த பணம் முற்பணத்தோடு சேர்ந்து கடனைக் குறைக்கும். மூன்றாம் மாதத்திலேயே எடுக்க நேர்ந்ததாயின், அக்குடும்பத்துக்கு இன்னும் சிறிய வண்டியோ, இன்னும் சில காலப் பொறுமையோ ஏற்றது. வங்கியில் இட்டதைத் திருப்பி எடுத்தால் நட்டமில்லை. கையெழுத்திட்ட தவணையை நிறுத்தினால் வண்டியும் போகும், அதுவரை கட்டிய பணமும் போகும்.

கார் குடும்பத்துக்கு நன்மை தரும் கருவியே. இரவில் நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவும், மழையில் பிள்ளைகள் நனையாமற் பாடசாலை சேரவும் அது உதவும். அந்த நன்மையை மாத முடிவில் கவலையின்றி அனுபவிக்கவேண்டுமாயின், விரலுக்குத் தகுந்த வீக்கமே வேண்டும். குடும்பத்தார் எல்லோரும் கூடியிருந்து, ஒரு தாளில் வரவையும் வண்டியின் மாத விலையையும் எழுதிப் பார்த்தபின் விற்பனையாளரிடம் செல்வார்களாயின், எந்த வண்டி தமக்குரியது என்பதை அவரிடம் கேட்கவேண்டிய தேவை இராது.