பதினைந்து காசு ஹம்பர்கரும் அதன் பின்னிருந்த கூலியும்

பழைய விலைகளைக் கேட்பதில் எல்லாருக்குமே ஓர் ஆவல் உண்டு. ஐந்து காசுக்கு வயிறு நிறையப் பலகாரம் தின்ற கதையைப் பெரியவர்கள் சொல்லத் தொடங்கினால், அருகிலிருக்கும் இளையவர்கள் வாய் பிளந்து கேட்பார்கள். அமெரிக்கரும் இதற்கு விலக்கல்லர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த 1950ஆம் ஆண்டுகளைப் பொற்காலம் என்று நினைவுகூர்வோர் அங்கே பலர். அக்காலத்து விலைப் பட்டியலைக் கையில் எடுத்தால், அவர்கள் சொல்வது சரியென்றே முதலில் தோன்றும்.

1950இல் ஒரு பவுண்டு ரொட்டி ஏறக்குறைய 14 காசுக்குக் கிடைத்தது. (நூறு காசு கொண்டது ஓர் அமெரிக்க டாலர் என்பதை வாசகர்கள் மனத்திற்கொள்க.) ஒரு டசன் முட்டை 60 காசு. ஒரு காலன் பெட்ரோல் 27 காசு. ஆனால் அமெரிக்கக் காலன் நாம் முன்பு பயன்படுத்திய காலனைவிடச் சற்றுச் சிறியது. கடிதத்தில் ஒட்டும் தபால்தலை 3 காசு. 1958 ஆகஸ்டில்தான் அது 4 காசாயிற்று. நியூயார்க் சுரங்க இரயிலில் 1904 முதல் 1948 வரை, நாற்பத்து நான்கு ஆண்டுகள், கட்டணம் 5 காசாகவே இருந்தது.

எல்லாவற்றினும் வியப்பூட்டுவது கொக்கா கோலாவின் விலையாகும். 1886இல் 5 காசுக்கு விற்கத் தொடங்கிய அப்பானம், இரு உலகப் போர்களையும் கடந்து, 1950ஆம் ஆண்டுகளிலும் பல இடங்களில் அதே விலைக்கு விற்றது. அதற்கொரு வேடிக்கையான காரணமும் உண்டு. அதை விற்ற தானியங்கிப் பெட்டிகள் ஐந்து காசு நாணயம் ஒன்றை மட்டுமே ஏற்குமாறு அமைக்கப்பட்டிருந்தன. அடுத்த நாணயமோ பத்துக் காசு. விலையை ஒரேயடியாக இரட்டிப்பாக்கினால் வாங்குவோர் ஓடிவிடுவர். எனவே ஏழரைக் காசு நாணயம் ஒன்றை அச்சிடுமாறு 1953இல் அந்நிறுவனத்தார் அரசாங்கத்தையே கேட்டுப் பார்த்தனர். அரசாங்கம் இணங்கவில்லை.

ஹம்பர்கர் கதையும் சுவையானதே. கலிபோர்னியா மாநிலத்தின் சான் பெர்னார்டினோ நகரில் மெக்டொனால்டு சகோதரர் இருவர் உணவகம் நடத்தி வந்தனர். 1948இல் அவர்கள் பரிமாறுவோரை நிறுத்தினர். தட்டுகளையும் கரண்டிகளையும் ஒழித்தனர். பண்டங்களின் எண்ணிக்கையை விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைத்தனர். ஒருவர் இறைச்சியை வாட்ட, ஒருவர் ரொட்டியில் வைக்க, ஒருவர் தாளில் சுற்ற, சமையற்கட்டே ஒரு சிறு தொழிற்சாலையாயிற்று. அதனால் 15 காசுக்கு ஹம்பர்கர் விற்க முடிந்தது. 1955 ஏப்ரல் 15ஆம் நாள் சிக்காகோவுக்கு அருகே ரே கிராக் என்பவர் அதே பெயரில் திறந்த கடையிலும் அதே விலைதான்.

சரி, இவையெல்லாம் உண்மையிலேயே மலிவா?

நிமிடக் கணக்கு

ஒரு பொருளின் விலையை மட்டும் பார்த்து மலிவு என்பது, மரத்தின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பாலின் எடையைச் சொல்வது போன்றதாகும். அப்பொருளை வாங்க எவ்வளவு நேரம் உழைக்க வேண்டியிருந்தது என்று பார்ப்பதே நேர்மையான அளவாகும்.

1950 ஜனவரியில் அமெரிக்கச் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 40 காசிலிருந்து 75 காசாக உயர்ந்தது. அக்கூலி பெற்றவர் ஒரு ரொட்டிக்குப் பதினொரு நிமிடமும், ஒரு ஹம்பர்கருக்குப் பன்னிரண்டு நிமிடமும், ஒரு டசன் முட்டைக்கு 48 நிமிடமும் உழைக்க வேண்டியிருந்தது. ஒரு பவுண்டு காப்பித்தூள் 79 காசு விற்றதால், அதற்கு ஒரு மணி நேர உழைப்பும் போதவில்லை. ஆலைத் தொழிலாளரின் சராசரிக் கூலியோ மணிக்கு 1 டாலர் 44 காசு. அவருக்கு முட்டை 25 நிமிடத்தில் கிடைத்தது. பொருள் ஒன்றே, கடை ஒன்றே. ஆனால் ஒருவருக்கு அது மலிவு, மற்றவருக்கு அவ்வளவு மலிவன்று.

ஆலைத் தொழிலாளரின் கூலி தானாக உயர்ந்துவிடவில்லை. 1950 மே மாதத்தில் மோட்டார் வாகனத் தொழிலாளர் சங்கம் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் ஐந்தாண்டு ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டது. ஓய்வூதியம் கிடைத்தது, விலைவாசி ஏறினால் கூலியும் கூடவே ஏறும் என்ற விதியும் அதில் இருந்தது. அரசாங்கம் மாதந்தோறும் வெளியிடும் விலைக் குறியீட்டெண்ணைப் பார்த்து அந்த உயர்வு கணக்கிடப்பட்டது. இதைத் தோட்டத் தொழிலாளர் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். விளைபொருளின் விலையை ஒட்டிக் கூலி ஏறி இறங்குவது ஒரு முறை. ரப்பர் விலை விழுந்தபோதெல்லாம் அதன் வலியை நாம் அறிந்திருக்கிறோம். கடையில் அரிசி, பருப்பு விற்கும் விலையை ஒட்டிக் கூலி ஏறுவது வேறொரு முறை. டெட்ராய்ட் தொழிலாளர் பெற்றது இரண்டாவதாகும்.

வீட்டுக்குள் வந்த திரையரங்கு

கூலி கையில் தங்கியதும் மக்கள் முதலில் ஆசைப்பட்டவை வீடு, கார், தொலைக்காட்சிப் பெட்டி ஆகிய மூன்றுமாம். நியூயார்க்கை அடுத்த லாங் தீவில் லெவிட் நிறுவனத்தார் உருளைக்கிழங்கு வயல்களை வாங்கி, 1947 முதல் 1951 வரை பதினேழாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டினர். 1949இல் ஒரு வீட்டின் விலை 7,990 டாலர். போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு அரசாங்கம் கடனுக்குப் பொறுப்பேற்றதால், முன்பணம் இன்றியே பலர் குடியேறினர்.

தொலைக்காட்சி பரவிய வேகம் நம்ப முடியாதது. 1950இல் நூற்றில் ஒன்பது வீடுகளில் மட்டுமே அது இருந்தது. 1955இல் 65 வீடுகள். 1960இல் 87 வீடுகள். தொடக்கத்தில் ஒரு பெட்டி 200 டாலருக்கு மேல் விற்றது. ஆலைத் தொழிலாளருக்கு அது மூன்றரை வாரக் கூலியாகும். எனவே பெரும்பாலோர் தவணைக் கடனில் வாங்கினர். 1954இல் வெளிவந்த முதல் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளுள் ஒன்றின் விலை ஆயிரம் டாலர். புதிய கார் ஒன்றே சுமார் 1,500 டாலருக்குக் கிடைத்த காலத்தில் இது யாருக்காகச் செய்யப்பட்டது என்று கேட்கத் தோன்றுகிறது!

1951 அக்டோபரில் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’ என்னும் நகைச்சுவைத் தொடர் குடும்பங்களைக் கட்டிப்போட்டது. 1953 ஜனவரி 19ஆம் நாள் அத்தொடரில் லூசிக்குக் குழந்தை பிறந்த காட்சியை 4 கோடியே 40 இலட்சம் பேர் பார்த்தனர். மறுநாள் ஐசனோவர் அதிபராகப் பதவியேற்றதைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. 1956 செப்டம்பரில் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் எல்விஸ் பிரெஸ்லி பாடியதை 6 கோடிப் பேர் பார்த்தனர். இதனால் திரையரங்குகளில் கூட்டம் மெலிந்தது. காரில் இருந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளி அரங்குகள் மட்டும் 1950ஆம் ஆண்டுகளின் இறுதியில் நாலாயிரத்தை எட்டின.

செய்திகளும் அப்பெட்டியின் வழியே வந்தன. கொரியப் போர், கம்யூனிஸ்டு வேட்டை நடத்திய செனட்டர் மக்கார்த்தியின் விசாரணைகள், 1957இல் ருஷ்யா விண்ணில் ஏவிய ஸ்புட்னிக் ஆகியன வீடுதோறும் பேசப்பட்டன. ஆயினும் தாய்மாரின் நெஞ்சில் பாலை வார்த்த செய்தி 1955 ஏப்ரல் 12ஆம் நாள் வந்தது. டாக்டர் ஜோனாஸ் சால்க் கண்ட இளம்பிள்ளைவாதத் தடுப்பூசி பயனளிக்கிறது என்று அன்று அறிவிக்கப்பட்டது. 1952இல் மட்டும் அந்நோய் ஏறத்தாழ 58,000 பேரைப் பற்றியிருந்தது.

டயரில் ஓடிய பால்

கார்களைப் பற்றிப் பேசும்போது நம் தோட்டங்களை விட்டுவிட இயலாது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. அடுத்த மாதமே அமெரிக்காவில் டயருக்குப் பங்கீடு வந்தது. போர்க்காலத்தில் அம்மக்களுக்கு முதன்முதலாகப் பங்கிட்டு வழங்கப்பட்ட பொருள் அதுவே. பின்னர் நாடெங்கும் பெட்ரோலையும் பங்கிட்டது பெட்ரோல் பஞ்சத்தால் அன்று. கார் ஓடாதிருந்தால் டயர் தேயாதிருக்கும் என்பதே முதற்காரணம். 1942 ஜூனில் அதிபர் ரூஸ்வெல்ட் வானொலியில் பேசி, பழைய டயர், மழைக்கோட்டு, தண்ணீர்க் குழாய், ரப்பர்க் காலணி எதுவாயினும் பெட்ரோல் நிலையத்தில் கொண்டுவந்து கொடுக்கும்படி மக்களை வேண்டினார். பவுண்டுக்கு ஒரு காசு கொடுக்கப்பட்டது. மலாயாவில் பால் வெட்டு நின்றதன் விளைவு அமெரிக்கச் சிற்றூர் வரை எட்டியது.

அந்த அச்சத்தில்தான் அமெரிக்க அரசாங்கம் செயற்கை ரப்பர் ஆலைகளை அவசரமாக எழுப்பியது. 1955இல் அவை தனியாருக்கு விற்கப்பட்டு, இயற்கை ரப்பருக்கு நிலையான போட்டியாயின. எனினும் 1950இல் 4 கோடியாக இருந்த கார்கள் 1960இல் 6 கோடியைத் தாண்டியதால், நம் ரப்பருக்கும் அங்கே இடம் இருந்துகொண்டே இருந்தது. 1956இல் 41,000 மைல் நெடுஞ்சாலைத் திட்டத்தைத் தொடங்கியபோது, அதற்கான பணத்தைப் பெட்ரோல் வரியாலும் டயர் வரியாலும் திரட்டினர்.

கணக்கில் சேராதவர்கள்

இதுவரை கூறியது ஒரு பக்கமே. 1950ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, அமெரிக்க வீடுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் குழாய்த் தண்ணீரும் குளியலறையும் கழிப்பறையும் முழுமையாக இல்லை. வெள்ளையர் அல்லாத குடும்பங்களின் வருமானம் வெள்ளையர் குடும்பங்களின் வருமானத்தில் பாதியைச் சற்றே தாண்டியது. லெவிட் நிறுவனத்தார் தம் வீடுகளைக் கறுப்பினத்தவருக்கு விற்கவில்லை. நாட்டுக்காகப் போரிட்டுத் திரும்பியவரும் நிறத்தால் கறுப்பரென்றால் அவருக்கு அங்கே வாசல் அடைக்கப்பட்டது.

அலபாமா மாநிலத்து மொண்ட்கொமரி நகரில் பேருந்துக் கட்டணம் 10 காசுதான். அதைக் கொடுத்தும் கறுப்பினத்தவர் வெள்ளையருக்கு இடம்விட்டு எழ வேண்டும். 1955 டிசம்பர் முதல் நாள், தையல் தொழிலாளியான ரோசா பார்க்ஸ் எழ மறுத்ததால் கைது செய்யப்பட்டார். அதன்பின் 381 நாள்கள் அந்நகரத்துக் கறுப்பினத்தவர் பேருந்தில் ஏறவில்லை. பயணிகளில் ஏறக்குறைய முக்கால் பங்கினர் அவர்களே. வீட்டுவேலை செய்யும் பெண்கள் மைல்கணக்கில் நடந்தனர். கார் வைத்திருந்தோர் மற்றவர்களை ஏற்றிச் சென்றனர். 1956இன் இறுதியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக அமைந்தது. பத்துக் காசுக்குப் பின்னாலிருந்த மானப் பிரச்சினை எந்த விலைப் பட்டியலிலும் காணப்படுவதில்லை.

இனி, மணிக்கு 75 காசு என்று மேலே கூறினோமே, அக்குறைந்தபட்சக் கூலி யாருக்கு? 1938இல் இயற்றப்பட்ட அச்சட்டம் தொடக்கத்திலேயே வேளாண்மைத் தொழிலாளரை விலக்கி வைத்திருந்தது. தொழிற்சங்க உரிமைக்குப் பாதுகாப்பளித்த 1935ஆம் ஆண்டுச் சட்டமும் அவர்களை விலக்கியிருந்தது. காரணம், பெரும் பண்ணைகளுக்கும் தென்மாநிலத்து அரசியல்வாதிகளுக்கும் இருந்த செல்வாக்கே. ஆகவே முட்டைக்கும் ரொட்டிக்கும் நாம் போட்ட நிமிடக் கணக்கு, அந்த ரொட்டிக்குக் கோதுமை விளைவித்த கூலியாளுக்குப் பொருந்தாது.

இதைத் தொலைக்காட்சிதான் அம்பலப்படுத்தியது. நம் பொங்கலைப் போல் விளைச்சலுக்கு நன்றி கூறும் திருநாள் ஒன்றை அமெரிக்கர் நவம்பரில் கொண்டாடுவர். 1960இல் அத்திருநாளுக்கு மறுநாள், நவம்பர் 25 அன்று, சி.பி.எஸ். நிலையத்தின் புகழ்பெற்ற செய்தியாளர் எட்வர்ட் மர்ரோ ‘அவமான அறுவடை’ என்று பொருள்படும் படமொன்றை வழங்கினார். புளோரிடாவிலிருந்து வடக்கு நோக்கிப் பயிர்க்காலத்தைத் தொடர்ந்து செல்லும் கூலிகளின் வாழ்வை அது காட்டியது. விடியுமுன் ஆள் பிடிக்கும் களம், ஆடுமாடு போல் அடைத்துச் செல்லும் லாரி, ஒண்டுக் கொட்டகை, பள்ளிக்குப் போகாத பிள்ளைகள், நாள் முழுதும் குனிந்து உழைத்து ஒரு டாலரோடு திரும்பும் தாய். விருந்துண்ட மறுநாள் இதைப் பார்த்த மக்கள் அதிர்ந்தனர். பண்ணை முதலாளிமார் சினந்தனர்.

சட்டம் உடனே மாறிவிடவில்லை. 1965 செப்டம்பரில் கலிபோர்னியாவின் டெலானோ வட்டாரத்தில் பிலிப்பினோத் திராட்சைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். லாரி இட்லியோங் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். சில நாள்களில் சீசர் சாவேஸ் தலைமையில் மெக்சிக வழிவந்த தொழிலாளரும் சேர்ந்துகொண்டனர். இரு இனத்தவரையும் ஒருவருக்கெதிராக ஒருவரை ஏவிவிடுவதே அதுவரை பண்ணைகளின் வழக்கமாக இருந்தது. அது அன்றோடு பலிக்கவில்லை. நகரங்களில் திராட்சை வாங்க வேண்டாமென்று பொதுமக்களைக் கேட்டுக்கொண்டனர். இலட்சக்கணக்கான இல்லத்தரசிகள் வாங்காமல் விட்டனர். ஐந்தாண்டுகளுக்குப் பின், 1970 ஜூலையில், டெலானோ பண்ணைகள் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டன.

இதற்கிடையே 1966இல் சட்டம் திருத்தப்பட்டு, 1967 பிப்ரவரி முதல் பெரிய பண்ணைகளின் தொழிலாளருக்கு மணிக்கு 1 டாலர் குறைந்தபட்சக் கூலியாயிற்று. அதே நாளில் ஆலைத் தொழிலாளரின் குறைந்தபட்சக் கூலி 1 டாலர் 40 காசு. இரண்டும் சமமாக 1978 ஆயிற்று. கூடுதல் நேர வேலைக்கு ஒன்றரை மடங்குக் கூலி என்னும் விதியோ, நாடு முழுமைக்குமான அச்சட்டத்தில், பண்ணைத் தொழிலாளருக்கு இன்றளவும் இல்லை.