முன்பணத்துக்கு முன்னால் மூன்று காகிதங்கள்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் சொந்தபந்தத்தோடோ, பழைய பள்ளித் தோழர்களோடோ இரண்டு நாள் தங்கிவிட்டு வருவது இப்போது பரவலாகிவிட்டது. காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் பூட்டிக் கிடந்த வீடுகளில் சில முறையான விடுதிகளாகியிருக்கின்றன. சில, கேட்பவர்களுக்கு நாள் வாடகைக்கு விடப்படுகின்றன. போகிறவர்கள் செய்யும் தவறு மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். கூட்டத்தில் ஒருவர் முன்னின்று ஆளுக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறார். யாரோ கொடுத்த கைபேசி எண்ணுக்கு மொத்தப் பணத்தையும் அனுப்பிவிடுகிறார். ரசீது கிடையாது. எத்தனை அறை, எத்தனை பேர், பயணம் ரத்தானால் எவ்வளவு திரும்பும் என்பதற்கு ஒரு வரி எழுத்து கிடையாது. போய் இறங்கினால் பத்து அறை என்றது ஆறாக இருக்கிறது. அல்லது வீட்டின் இன்னொரு பங்காளி வந்து, யாரைக் கேட்டு உள்ளே வந்தீர்கள் என்று மறிக்கிறார். அல்லது மழை நனைத்த முற்றத்தில் வயதானவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது. அதன் பிறகே சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரிக்கிறார்கள். சட்டம் வேண்டிய அளவு இருக்கிறது. அதைப் பிடித்து நிறுத்தும் காகிதம்தான் இவர்கள் கையில் இருப்பதில்லை.

ஆபத்து எங்கே இருக்கிறது என்பதை முதலில் பார்க்கலாம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1940-கள் வரை கட்டப்பட்ட இந்த வீடுகள், கல்யாணத்துக்கும் மணிவிழாச் சாந்திக்கும் நூற்றுக்கணக்கானோர் கூடுவதற்கென்றே எழுப்பப்பட்டவை. பர்மா தேக்குத் தூண்களும் கனத்த சுவர்களும் எளிதில் விழுபவை அல்ல. ஆனால் அன்று அறைக்கு அறை ஏசி கிடையாது, வெந்நீர் ஹீட்டர் கிடையாது. பழைய வயரிங் மேல் இவை அத்தனையும் ஏற்றப்பட்டிருந்தால், மரவேலை நிறைந்த வீட்டில் அதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. ஜன்னல்களில் இரும்புக் கம்பி. மாடிப்படி குறுகலும் செங்குத்தும். முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலுமாக நீளும் வீட்டில் இயல்பாகவே இரண்டாவது வழி உண்டு. திருட்டுக்குப் பயந்து அந்தப் பின்கதவைப் பூட்டி, சாவியைக் காவலாளி வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டால், இரவில் முப்பது பேருக்கும் ஒரே வாசல்தான்.

இதை மிகைப்படுத்தல் என்று நினைப்பவர்கள் 2004-ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்கட்டும். ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் கீற்றுப் பந்தலில் பற்றிய தீயில் மணமகன் உள்பட 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள் கருகினர். கூரையில் பிடித்த தீயோடு, வெளியேற முடியாத நெருக்கடியும் சேர்ந்தே அந்த உயிர்களைக் குடித்தது. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் அதிகாரிகள் சில வாரம் சோதனைக்குக் கிளம்புவார்கள்; பிறகு கோப்பு மூடப்படும். அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பிப் பிள்ளைகளை மாடியில் படுக்க வைக்காதீர்கள்.

முன்பணம் அனுப்புவதற்கு முன் மூன்று காகிதங்களின் நகலை வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்குங்கள். முதலாவது, கட்டட உரிமம். விடுதி, மண்டபம் போலப் பலர் கூடும் கட்டடங்களுக்கு 1965-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டம் இருக்கிறது. பொறியாளர் தரும் கட்டட உறுதிச் சான்றின் பேரில் வட்டாட்சியர் அலுவலகம் வழியே இந்த உரிமம் பெறப்படுகிறது. இரண்டாவது, தீயணைப்பு மீட்புப் பணிகள் துறையின் சான்று. சான்று இருக்கிறது என்று வாயால் சொன்னால் போதாது. அதில் போட்டிருக்கும் முகவரி இந்த வீட்டினுடையதா, காலாவதி தேதி தாண்டவில்லையா என்று பாருங்கள். மூன்றாவது, சாப்பாடும் அவர்களே போடுவதாக இருந்தால், உணவுப் பாதுகாப்பு உரிமம் அல்லது பதிவின் 14 இலக்க எண். அது ரசீதிலேயே அச்சாகியிருக்க வேண்டும். ‘ஹோம்ஸ்டே’ என்று சொன்னால் இன்னொரு கேள்வியும் கேளுங்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் இல்லத் தங்கல் திட்டத்தில் அதிகபட்சம் 6 அறை, 12 படுக்கைதான். உரிமையாளர் குடும்பமும் அங்கேயே வசிக்க வேண்டும். முப்பது பேரை அந்தப் பெயரில் ஏற்றுகிறார்கள் என்றால் எங்கோ பொய் இருக்கிறது. ‘ஹெரிடேஜ் ஹோட்டல்’ என்ற பெயரும் அப்படித்தான். 1950-க்கு முன் கட்டப்பட்டு, குறைந்தது 5 அறை உள்ள விடுதி விரும்பினால் அந்த அமைச்சகத்திடம் தர வகைப்பாடு வாங்கலாம். பலகையில் எழுதிக்கொண்டால் வாங்கியதாகிவிடாது.

நகல் தர மறுத்தால், நாள் இருந்தால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மாவட்டத் தீயணைப்பு அலுவலகத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் தனித்தனி மனு போடுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். இந்த மனுவுக்கே தேவை இருந்திருக்கக் கூடாது. தாங்கள் வழங்கிய உரிமங்களைப் பெற்றவர்களின் விவரத்தை யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்று அதே சட்டத்தின் 4-வது பிரிவு சொல்கிறது. மாவட்ட இணையதளத்தில் ஒரு பட்டியல் போடுவது பெரிய வேலையா? அதைச் செய்யாத அலுவலகம், மக்களைக் கண்ணைக் கட்டி அனுப்புகிறது.

காகிதங்கள் சரியாக இருந்தால், முன்பதிவை எழுத்தில் வாங்குங்கள். முத்திரைத்தாள் தேவையில்லை, மின்னஞ்சல் போதும். தேதி, அறை எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கை, மொத்தத் தொகை, ரத்து விதி, சேதத்துக்கான வைப்புத்தொகை, இரவில் பொறுப்பில் இருப்பவரின் பெயர் ஆகியவை அதில் இருக்க வேண்டும். வீடு பலருக்குப் பொதுவென்றால், பங்காளிகளின் சம்மதத்தோடுதான் விடுகிறேன் என்ற ஒரு வரியும் வேண்டும். விடுதியின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே பணம் போகட்டும். ஆளாளுக்கு எவ்வளவு வசூலித்தீர்கள் என்ற பட்டியலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பணம் கட்டியவரின் ஒப்புதலோடு சேவையைப் பெற்றவரும் நுகர்வோர் சட்டத்தின் பார்வையில் நுகர்வோரே. அடிபட்டவர் தன் பெயரிலேயே வழக்குப் போட அந்தப் பட்டியல் உதவும். உள்ளே நுழைந்ததும் ஓடு, கண்ணாடி, மரச்சாமான்களைப் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்புங்கள். முன்பே விரிசல் விட்ட ஆத்தங்குடி ஓட்டுக்கு நீங்கள் விலை கொடுக்க வேண்டியிருக்காது. நீங்கள் உடைத்ததற்கு அவர் நட்டப்பட வேண்டியதும் இருக்காது.

இது ஹோட்டல் இல்லை, வீடுதானே, நுகர்வோர் சட்டம் இதற்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்பவர்கள் உண்டு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ‘சேவை’ என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே உணவும் தங்குமிடமும் பெயர் சொல்லி இடம்பெற்றிருக்கின்றன. கட்டணம் வாங்கி அந்தச் சேவையைத் தருபவர் குறைபாட்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ‘நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற பலகையைக் கண்டு பின்வாங்குபவர்களும் உண்டு. விடுதி ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்திய கார் திருடுபோன வழக்கில், தன் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து அப்படிப்பட்ட வாசகத்தைக் காட்டி விடுதி தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

வழக்கு என்றால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்பது நியாயமான பயம். அதனால்தான் படிப்படியாகப் போக வேண்டும். இணையதளம் வழியாகப் பதிவு செய்திருந்தால் அதன் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதி. அடுத்து, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். சென்னைக்காரர் சிவகங்கைக்கு அலைய வேண்டியதில்லை. கட்டிய தொகை 5 லட்சம் வரை இருந்தால் ஆணையக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை, இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். அடிபட்டிருந்தால் அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலையும், காவல் நிலையத்தில் புகார் கொடுத்த ரசீதையும் அன்றே வாங்குங்கள். ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டால், விழுந்தது அந்தப் படியில்தான் என்று நிரூபிப்பதே பெரும்பாடு. சட்ட உதவி வேண்டுபவர்களுக்கு 15100 என்ற எண் இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச உதவி உண்டு.

இத்தனை காகிதம் கேட்டால் பழைய வீட்டைக் காப்பாற்ற முயலும் குடும்பங்கள் சலித்துப்போய்க் கதவைச் சாத்திவிடும் என்பது கடைசி ஆட்சேபம். 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கும் ஊர்களைக் கொண்ட வட்டாரம் இது. விருந்தாளிகளின் வாடகைதான் பல வீடுகளின் ஒழுகலை அடைக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முறையாக வயரிங் மாற்றி, உரிமம் எடுத்து நடத்துபவருக்குச் செலவு அதிகம். எதையும் கேட்காத கூட்டம் மலிவான வீட்டுக்கே போகும்போது முதலில் நொடிப்பது அந்த நேர்மையானவர்தான். ஒரே ஒரு தீவிபத்து நடந்தால் போதும், அந்த வட்டாரத்துக்கே ஆள் வருவது நின்றுவிடும். காகிதம் கேட்பது அந்த வீடுகளுக்குச் செய்யும் நன்மை. வசூலிக்கும் பொறுப்பை ஏற்றவர் இதை மறக்கக் கூடாது: கேட்க வேண்டிய நேரம் பணம் அனுப்புவதற்கு முன்புதான், பிறகு அல்ல. போய் இறங்கியதும், அறைகளைப் பங்கு பிரிப்பதற்கு முன்னால், பின்கதவின் சாவி இரவில் எங்கே இருக்கும் என்று கேளுங்கள். அது அந்தக் கதவருகிலேயே தொங்கவிடப்படும் வரை யாரையும் மாடியில் படுக்க விடாதீர்கள்.