வயிற்றில் தொடங்கி நரம்பைத் தாக்கும் நோய்

வயிற்றுப்போக்கு நின்றதும் ‘அப்பாடா’ என்று இருந்துவிடுகிறோம். ஓரிரு வாரத்தில் காலில் மதமதப்பு, படியேற முடியாத தளர்ச்சி வந்தால் உஷாராகணும். அது கில்லன் பாரே நோயாக இருக்கலாம்.

2025 ஜனவரியில் இந்நோய் புனேயில் பரவலாகக் கண்டது. நோயாளிகள் சிலரின் மலத்தில் கேம்பைலோபாக்டர் ஜெஜுனி என்ற கிருமி இருந்தது. இக்கிருமியின் மேலுறையும் நம் நரம்பின் மேலுறையும் ஓரளவு ஒரே சாயல். குடலில் புகுந்த கிருமியை அழிக்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள், ஆள் மாறாட்டமாக நரம்பையும் தாக்குகிறது. திருடனென்று வீட்டுக்காரனையே காவல்காரன் அடிப்பது போலத்தான்.

கிருமி தொற்றியவர்களில் மிகச் சிலருக்கே இப்படியாகும். ஆனால் தளர்ச்சி மார்புவரை ஏறினால் மூச்சுக்கே ஆபத்து. இம்யூனோகுளோபுலின் ஊசியோ பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சையோ சீக்கிரம் தொடங்கினால் பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். ஆகவே பயம் வேண்டாம். கால் தளர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள்.